கையில்லாத துவக்கு

வாய்வழியாக மருந்தும் சன்னமும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய துவக்கை இலங்கையின் வன்னியில் இடியன் என்பார்கள். மருந்து போட்டாயிற்று, தும்பு அடைத்தாயிற்று, கேப்பும் வைத்தாயிற்று என்றாலும் அது இன்னும் சுடாது. குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். குதிரையை இயக்குவது வளைத்து அடித்த இரும்பு வில். கேப்பை ஒரே அடியில் நசுக்கி நெருப்பெடுக்கும் வேகம் அந்த வில்லிலிருந்துதான் வரவேண்டும் என்பதால், கொல்லர் அதை விறைப்பாகவே அடித்து வைப்பார். அதை எதிர்த்து இழுப்பது ஒற்றைப் பெருவிரல். மார்கழிப் பனியில் பரணில் குந்தியிருந்து மரத்துப்போன விரலுக்கு அது சின்ன வேலையல்ல. இழுக்கும்போது வழுக்கினால் குதிரை பாதி வழியில் விழும். விழுந்தால் வெடிக்கவும் கூடும்.

வயது போனவர்களுக்கும் விரல் மூட்டு வீங்கியவர்களுக்கும் இதற்கு ஒரு வழி உண்டு. துவக்கின் பிடியைத் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையே அணைத்துக்கொண்டு, குழலின் வாயை ஆளில்லாத காட்டுப் பக்கம் திருப்பி, இரண்டு பெருவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிரையில் வைத்து இழுப்பது. அப்போது பாரத்தை விரல் தாங்காது. முன்கையும் தோளும் தாங்கும். “விரலாலை இழுக்காதை தம்பி, உடம்பாலை இழு” என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை அது.

இன்று உலகெங்கும் கைத்துப்பாக்கி பழகுகிறவர்கள் சந்திக்கும் சிக்கலும் இதேதான். பிஸ்டலின் மேற்பாகமான சிலைட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் ரவை குழலுக்குள் ஏறும். கைப்பலம் குறைந்தவர்களுக்கு அந்த இழுப்பு வசப்படுவதில்லை. வன்னிக்கும் பிஸ்டலுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. கமக்காரன் வீட்டுச் சுவரில் பிஸ்டல் தொங்கியதில்லை. ஆனால் துவக்கு எவ்வளவு பலத்தைக் கையிடம் கேட்கலாம், எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு வன்னிக் காட்டில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி இரத்தத்தால் எழுதப்பட்டது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தபோது துவக்கும் கூடவே வந்தது. உள்ளூர்க் கொல்லர்கள் அதை மிக விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் செய்த துவக்குகள் யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்தவை. சுடும் பொறி பெரும்பாலும் குழலின் இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம். இன்று உலக அருங்காட்சியகங்களில் இலங்கைத் துவக்கை வேறு நாட்டுத் துவக்கிலிருந்து பிரித்தறிய அந்த ஒரு அடையாளமே பெரும்பாலும் போதும்.

வன்னியின் கதை சற்று வேறு. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பிரிந்திருந்த வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் செலுத்திய திறை யானை. உயிரோடு பிடித்துக் கொடுக்க வேண்டிய யானைக்குத் துவக்கு உதவாது. தோல்வாரால் முறுக்கிய சுருக்குக் கயிற்றோடு யானையின் பின்னங்காலை நெருங்கும் பணிக்கர்களின் கைத்திறன்தான் அன்று வன்னியின் செல்வம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இந்தப் பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். கயிறும் மரமும் இரண்டு மனிதருமாக ஒரு யானையை மடக்குவதை அவர் விரிவாகவே வர்ணிக்கிறார்.

துவக்கு வன்னி அரசியலில் உரக்கக் கேட்ட ஆண்டு 1803. ஓகஸ்ட் 25ஆம் திகதி வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனை முறியடித்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் நடுகல் ஒன்றை ஆங்கிலேயரே அங்கே நட்டார்கள். தோற்றவனின் நினைவிடமாகவே ஊர் அந்தக் கல்லைப் போற்றியது.

அதன்பின் வந்த ஆங்கில ஆட்சி யானையைத் திறைப் பொருளாகப் பார்க்கவில்லை, பயிருக்கு எதிரியாகப் பார்த்தது. கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் அறிவித்தார்கள். டெனன்ட் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. சன்மானம் தலைக்குச் சில சிலிங். இந்தக் கொலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் தொப்பி போட்ட துரைமார் அல்ல. சன்மானத்தை நம்பிய உள்ளூர் வேட்டைக்காரர். வாய்வழித் துவக்கு வன்னிக் குடிசைகளுக்குள் ஆழமாக இறங்கியதற்கு இந்தச் சன்மானமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். சிலிங்குக்காக யானையைச் சுடக் கற்ற ஒரு தலைமுறை, சன்மானம் நின்ற பிறகும் துவக்கைக் கீழே வைக்கவில்லை.

இந்தக் காலத்துக்குள் துவக்கின் பொறியும் மாறிவிட்டது. ஆதித் துவக்கில் கனலும் திரியை மருந்துக் கிண்ணத்தில் தாழ்த்தினால் போதும். கைக்குப் பெரிய பலம் வேண்டாம், ஆனால் மாரி மழையில் திரி அணைந்துவிடும். சக்கிமுக்கிக் கல் பூட்டிய துவக்குக்குத் தீப்பொறி பறக்க வேண்டும் என்பதால் வில் விறைத்தது. 1807இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்கில் பூட்டிக் காப்புரிமை எடுத்தார். அவர் பறவை வேட்டைக்காரர். கிண்ணத்து மருந்து பளிச்சிட்டவுடன் பறவை விலகிவிடுகிறதே என்ற எரிச்சல்தான் அவரை அந்த வழிக்குத் தள்ளியது. அதன் வழியாகப் பிறந்த செம்புக் கேப்பு மழைக்கு ஓரளவு தாங்கியது. மாரியில் பயிர் செய்து மாரியில் காவல் காக்கும் வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான பொறி வேறில்லை. கேப்புத் துவக்கு ஐரோப்பாவில் வழக்கொழிந்து நூறாண்டுக்கு மேலாகியும் வன்னியில் உயிரோடிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரும்புக் குழாயும் ஒரு வில்லும் பட்டறையும் இருந்தால் போதும், தொழிற்சாலை வேண்டாம்.

1895இல் ஜே. பி. லூயிஸ் வவுனியாவையும் முல்லைத்தீவையும் பற்றித் தொகுத்த ‘வன்னி மாவட்டக் கையேடு’ வெளிவந்தபோது, அது காடு ஊரை விழுங்கிக்கொண்டிருந்த நாடு. காய்ச்சல் சனத்தைக் குறைத்தது. உடைந்த குளங்களுக்குள் மரம் முளைத்தது. நாலு வீடும் ஒரு குளமும் உள்ள ஊரில் நெல் கதிர் முற்றும் நாட்களில் பன்றியும் யானையும் ஒரே இரவில் ஆண்டு உணவைத் தின்றுவிட்டுப் போகும். தகரம் தட்டுவார்கள், தீப்பந்தம் பிடிப்பார்கள், பரணிலிருந்து விடிய விடியக் கூவுவார்கள். கடைசி வழியாகத் துவக்கு. அதுவும் பெரும்பாலும் வெடிச்சத்தத்துக்காக.

துவக்கை அரசாங்கம் எண்ணத் தொடங்கியது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தோடு. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலிருப்பது அதே சட்டம். துவக்கு வைத்திருப்பவர் மாவட்டக் கச்சேரிக்குப் போய் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம் எளியது: ஒவ்வொரு துவக்குக்கும் பின்னால் பெயர் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். யார் சுட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள்.

20ஆம் நூற்றாண்டில் குளங்கள் திரும்பி வந்தன, குளத்தோடு ஆட்களும் வந்தார்கள். இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. 1936இல் கிளிநொச்சி குடியேற்றத் திட்டமாக உருவெடுத்தது. பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு. யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் வந்து மிளகாயும் வெங்காயமும் போட்டார்கள். 1970களில் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது வன்னி மிளகாய்க்குக் கிடைத்த விலையை முதியவர்கள் இன்றும் வாய் மணக்கச் சொல்வார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். காட்டின் விளிம்பு நகர நகர, பரண்களும் நகர்ந்தன. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் வந்தது 1973இல். தண்ணிமுறிப்புக் காட்டோரத்து வாழ்வைத் தமிழ் வாசகர் முன் வைத்த நூல் அது. வேட்டையும் கமமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாக இருந்த அந்தக் காலத்தை அறிய விரும்புகிறவர் அதைத் தேடிப் படிக்கலாம்.

வசதி வந்த வீடுகளில் இடியனின் இடத்தைத் தோட்டா போடும் வேட்டைத் துவக்கு பிடித்தது. சொட்கன் என்று சொல்வதும் அதைத்தான். இங்கேதான் கைப்பலத்தின் கணக்கு அழகாகத் திரும்புகிறது. 1875இல் பர்மிங்காமில் வெஸ்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த அன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை எடுத்த பொறியில், குதிரையை விரலால் இழுக்கும் வேலையே கிடையாது. மேலிருக்கும் சிறு நெம்பைப் பெருவிரலால் ஒதுக்கினால் குழல் நடுவில் மடியும். மடியும் குழலே உள்ளிருக்கும் குதிரைகளை ஏற்றிவிடும். கிணற்றடித் துலா எப்படி ஒரு சிறுமியையும் நிறைவாளி தூக்க வைக்கிறதோ, அதேபோல நீண்ட குழல் பலமில்லாத கைக்கும் வில்லை மடக்கித் தருகிறது. விறைப்பு குறையவில்லை, கைக்கு நீளம் கிடைத்தது. குழலை முழங்கால்மேல் வைத்து அழுத்தினால் ஒரு கை ஊனமானவரும் திறந்துவிடலாம்.

ஆனாலும் மாரி அதையும் சோதித்தது. அந்நாளைய தோட்டாவின் உடல் கடதாசி அட்டை. ஈரம் பட்டால் ஊதிப்போகும். ஊதிய தோட்டா குழலுக்குள் இறுகிக்கொண்டால் நகத்தால் கெல்லி எடுக்க முடியாது. கத்திமுனை தேட வேண்டும். பரணில் இருட்டுக்குள், கீழே பன்றி உறுமிக்கொண்டிருக்கையில், இறுகிய தோட்டாவோடு மல்லுக்கட்டுவது துவக்கோடு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் தோட்டாவைச் சோற்றுப்பானைக்குக் கொடுக்கும் கவனத்தோடு அடுப்படிப் பரணில் புகைபடும்படி வைப்பார்கள். காவல் முடிந்து வந்தவுடன் குழலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பழஞ்சீலையால் துடைப்பதும் சாப்பாட்டுக்கு முந்திய வேலை.

பிஸ்டலில் துலா கிடையாது. ஜோன் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் எவ்.என். தொழிற்சாலை 1900இல் வெளியிட்ட பிஸ்டலோடுதான் சிலைட் என்ற அமைப்பு சந்தைக்கு வந்தது. சிலைட்டை முன்னுக்குத் தள்ளிப் பிடித்திருப்பது ஒரு சுருள்வில். ஓர் ஆச்சரியம்: குறைந்த வலுவுள்ள ரவையைச் சுடும் சிறிய பிஸ்டல்களின் சிலைட் பல வேளை பெரிய பிஸ்டலைவிட விறைப்பாக இருக்கும். பெரியவற்றில் குழலும் சிலைட்டும் சில கணம் பூட்டிக்கொண்டு அதிர்வைத் தாங்குகின்றன. பல சிறியவற்றில் அந்தப் பூட்டு இல்லை. வில்லும் சிலைட்டின் பாரமும் மட்டுமே தாங்க வேண்டும். சிறிதாக இருக்கிறதே, கைக்கு இலேசாக இருக்கும் என்று வாங்குகிற முதியவர் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கும் வழி தேடினார்கள். பிரான்சில் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் வந்த ‘லு பிரான்சே’ பிஸ்டலில் குழல் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். ரவையைக் கையாலேயே வைத்து மூடலாம், சிலைட்டை இழுக்கத் தேவையில்லை. 1920களில் ஜெர்மனியில் லிக்னோஸ் நிறுவனம் விசைக்கு முன்னாலுள்ள வளைவை ஒரே விரலால் இழுத்துச் சிலைட்டை நகர்த்தும் பிஸ்டலை விற்றது. ஒரு கையால் ஆளலாம் என்பதே அதன் பெயர். போரில் கை இழந்தவர்கள் நிறைந்திருந்த நாடு அன்றைய ஜெர்மனி. இன்று பழக்குநர்கள் சொல்லித்தருவது இன்னும் எளிது: பிஸ்டலை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, வாயை ஆளில்லாத பக்கம் நேராக வைத்து, இடக்கை உள்ளங்கையால் சிலைட்டை முழுதாகப் பற்றி, அதை இழுப்பதற்குப் பதிலாக வலக்கையால் பிடியை முன்னுக்குத் தள்ளுவது. வெளியே குதிரையுள்ள பிஸ்டலானால் அதை முதலில் ஏற்றிக்கொண்டால் இழுப்பு ஓரளவு இலேசாகும். வன்னிப் பரணில் கேட்டிருக்கக்கூடிய பாடந்தான்: விரலால் அல்ல, உடம்பால்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1887இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் ஒரு கைத்துப்பாக்கியை வெளியிட்டது. பிடியை உள்ளங்கையால் இறுக அழுத்திக்கொண்டே விசையையும் பலமாக இழுத்தால் மட்டுமே அது வெடிக்கும். சின்னப் பிள்ளையின் கைக்கு அந்தப் பலம் வராது என்பதையே நிறுவனம் விளம்பரமாகச் சொன்னது. விறைப்பை வேண்டுமென்றே வைத்தார்கள். துவக்கு கேட்கும் பலம் ஒரு வாசற்கதவு. அதைத் திறக்கும் நேரத்தில் கை ஒருமுறை யோசிக்கும், கண் ஒருமுறை பார்க்கும். இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற ஆளா என்று பார்க்கக் கிடைக்கும் நேரம் அது.

அந்தக் கையையும் கண்ணையும் முழுதாக நீக்கிவிட்டால் கிடைப்பது கட்டுத்துவக்கு.

காட்டுப்பாதையோரம் மரத்தில் கட்டி, பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ இழுத்துவிட்டு, கட்டியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். அடித்தது எதுவோ, காலையில் வந்து பார்க்கலாம். குழலின் உயரம் பன்றிக்கோ மரைக்கோ வைத்தது. அதனால்தான் கட்டுத்துவக்கில் அகப்படும் மனிதர்களின் காயம் பெரும்பாலும் முழங்காலைச் சுற்றி இருக்கிறது. இலங்கையின் உலர்வலய மருத்துவமனைகளில் வேலை செய்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்தக் காயத்தைத் தனி வகையாகவே மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சன்னம் கிடைக்காத இடத்தில் இரும்புத் துண்டும் குழலுக்குள் போகிறது. எலும்பு நொறுங்கி, மண்ணும் தும்பும் புண்ணுக்குள் புகுந்துவிடும். காட்டுக்குள் கிடந்தவரைத் தூக்கிவருவதற்குள் மணிக்கணக்கு ஓடிவிடும். பிழைத்தாலும் கால் மிஞ்சுவது அதிர்ஷ்டம்.

இது வன்னிக்கு மட்டும் உரிய கொடுமையல்ல. இங்கிலாந்தின் பெருநிலக்காரர்கள் தம் காடுகளில் இதே பொறியைத் திருட்டு வேட்டைக்காரருக்கு எதிராக வைத்தார்கள். 1825இல் ஒரு துலிப் பூந்தோட்டத்தில் நடந்தது வழக்காகிப் புகழ்பெற்றது. பக்கத்து வீட்டு மயில் ஒன்று தப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிட, அதைப் பிடித்துக் கொடுக்க மதில் ஏறிக் குதித்தான் ஓர் இளைஞன். கட்டிவைத்த துவக்கு அவன் முழங்காலுக்கு மேலே கிழித்தது. எச்சரிக்கைப் பலகைகூட வைக்காத உரிமையாளரே பொறுப்பு என்று 1828இல் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டே நாடாளுமன்றம் இத்தகைய துவக்குகளைத் தடைசெய்துவிட்டது. இரவில் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு. வீட்டுக்குள் வைத்தாலும் அது நியாயமாகிவிடாது என்பதை 1971இல் அமெரிக்காவின் ஐயோவா மாநில உயர்நீதிமன்றம் சொன்னது: ஆளில்லாத பழைய பண்ணை வீட்டில் கட்டிய துவக்கால் கால் சிதைந்து உயிர் தப்பியவன் திருட வந்தவன்தான், ஆனாலும் பொருளைக் காக்க உயிரை எடுக்கும் பொறி வைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. அங்கே நின்று சுட்டால் எதைச் செய்யச் சட்டம் விடாதோ, அதைப் பொறிவைத்துச் செய்யவும் விடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

வன்னியில் கட்டுத்துவக்கு பெருகியதற்குப் பின்னால் உள்நாட்டுப் போர் இருக்கிறது. 1980களில் அனுமதிப்பத்திரத் துவக்குகள் வீடுகளை விட்டுப் போயின. சில பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்டன. பலவற்றை ஆயுத இயக்கங்கள் எடுத்துக்கொண்டன. பிறகு வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் துவக்கு என்றால் வேறு பொருள். பயிர்க் காவலுக்குத் துவக்குக் கேட்டுக் கச்சேரிப் படியேறும் கமக்காரன் என்ற ஆளே மறைந்துபோனார். 2009இல் போர் முடிந்தபோது வன்னிச் சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். எல்லா முகாம்களிலுமாகக் கிட்டத்தட்ட 3 இலட்சம் பேர். மெனிக் பாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012இல். திரும்பி வந்தவர்கள் கண்டது, முற்றத்தில் காடு. வயலுக்குள் பற்றை, பற்றைக்குள் பன்றி. யானைத்தடம் குளக்கட்டுவரை வந்திருந்தது.

திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கையோ காலோ முழுதாக இல்லை. எறிகணைத் துண்டு இன்னும் தோளுக்குள் இருப்பவர், மூன்று விரலோடு மண்வெட்டி பிடிப்பவர், கணவனில்லாமல் தனியே பயிர் செய்யும் பெண்கள். அவர்களுக்கு இரவுக் காவல் என்பது முன்னோர் செய்த காவலைவிடக் கடினம். அனுமதிப்பத்திரத் துவக்குக் கிடைப்பது எளிதல்ல. போர் முடிந்த மண்ணில் துவக்கு வேண்டும் என்று கேட்கவே பலருக்கு வாய் வருவதில்லை. அந்த வெறுமைக்குள்தான் களவாகச் செய்த இடியன் நுழைந்தது. இடியனை ஏற்றவும் காவலிருக்கவும் உடம்பு ஒத்துழைக்காதபோது, அதை மரத்தில் கட்டிவிடும் ஆசையும் வந்தது. இறைச்சி விற்பனைக்காகக் கட்டுகிறவர்கள் வேறு. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் கம்பியில் கால் பட்டவருக்கு அந்த வேறுபாடு பயன்படாது.

யானைக்கும் பயன்படவில்லை. கட்டுத்துவக்குக் காயத்தால் கால் சீழ்பிடித்து வாரக்கணக்கில் நொண்டும் யானைகள் உண்டு. தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் இன்னொரு கொடுமையில் தாடை சிதறி, தின்ன முடியாமல் பட்டினியால் சாகும் குட்டிகளும் உண்டு. 2019இல் இலங்கை முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். தலைக்குச் சில சிலிங் கொடுத்த 1840களோடு ஒப்பிட்டு ஆறுதல்பட இதில் எதுவுமில்லை.

அரசாங்கத்துக்கும் விலங்குத் தொல்லை தெரியாததல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மந்தி, மயில், மலையணில் எண்ணும்படி சனத்தைக் கேட்டார்கள். எண்ணிக்கை சரியோ பிழையோ, பயிரழிவு கமக்காரனின் தனிச் சண்டை அல்ல என்று அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. வன்னிக்கு அடுத்து வேண்டியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பராமரிக்கப்படும் மின்வேலி வேண்டும். அழிந்த பயிருக்கு அடுத்த போகத்துக்கு முன் கைக்கு வரும் நட்டஈடு வேண்டும். தகுதியுள்ள கமக்காரருக்குப் பெயரோடு, இலக்கத்தோடு, பழக்கத்தோடு கொடுக்கப்படும் துவக்கு வேண்டும். கை பலவீனமானவருக்குக் குழல் மடியும் சொட்கன் பழக்கலாம். முடியாதவருக்காக ஊர்க் கமக்கார அமைப்பு முறைவைத்துக் காவலிருக்கலாம். முன்பு பரண்கள் ஒன்றுக்கொன்று கூவிக்கொண்டுதான் இரவைக் கழித்தன.

கட்டுத்துவக்குக்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது. வறுமையும் இல்லை, யானையும் இல்லை, கைப்பலக் குறைவும் இல்லை. ஏனென்றால் அது விறகு பொறுக்கப் போகும் தாயையும் மாட்டைத் தேடிப் போகும் பையனையும் பன்றியிலிருந்து பிரித்தறியாது. ஆண்டின் நடுப்பகுதியில் பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும்போது வன்னிக் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். சின்னப் பிள்ளைகள்தான் முன்னால் ஓடும். அதற்கு முன்பே தன் கம்பி எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர் போய் அவிழ்த்துவிட வேண்டும். பாதையில் கம்பியைக் கண்டவர் தொடாமல், அதே தடத்தில் பின்வாங்கி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அன்றே சொல்லிவிட வேண்டும்.